டல்: ஒரு சொல் போய் வந்த பாதை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து, ரேஷன் கார்டு வாங்காத குறையாக இங்கேயே தங்கிவிட்ட சொற்களில் 'டல்' ஒன்று. அதற்கு நாம் கொடுத்திருக்கும் வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். புடவை கலர் டல். பல்பு டல்லா எரியுது. ஆடி மாசம், பத்திரப் பதிவு டல். படம் இன்டர்வெல்லுக்கு அப்புறம் டல். "என்னம்மா, முகமே டல்லா இருக்கு, சாப்பிட்டியா?" பையன் நல்லவன்தான், கணக்குல மட்டும் கொஞ்சம் டல்.

இத்தனை வேலையையும் செய்கிற ஒற்றைச் சொல் தமிழில் கிடையாது. நிறத்துக்கு மங்கல், கத்திக்கு மழுங்கல், முகத்துக்கு வாட்டம், வயிற்றுக்கும் புத்திக்கும் மந்தம் என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலமோ எல்லாவற்றையும் ஒரே பெயரடையின் தலையில் கட்டிவிட்டது. எங்கே வெளிச்சமோ, ஓசையோ, கூர்மையோ, வேகமோ இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே அடங்கிக் கிடக்கிறதோ, அங்கே எல்லாம் டல்.

இதில் எது முதல் பொருள்? இந்தக் கேள்வியோடுதான் நான் அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். நண்பர்கள் சிலரிடமும் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் சொன்னது: முதலில் கத்தி மழுங்கியிருக்கும், இல்லையென்றால் நிறம் மங்கியிருக்கும், பிறகு அதை உவமையாக எடுத்து மூளைக்குச் சொல்லியிருப்பார்கள். நியாயமான ஊகம். கண்ணுக்குத் தெரிகிற பொருளில் தொடங்கி, தெரியாத மனத்துக்குப் போவதுதான் சொற்களின் வழக்கமான பாதை. தமிழிலும் கூர் என்றால் முதலில் வேல்முனைதான் ஞாபகம் வருகிறது, கூர்மதி அதற்குப் பிறகுதான்.

ஆனால் டல்லின் பாதை தலைகீழ். அது முதலில் மனிதரைத்தான் சொன்னது.

முட்டாளும் வெறியனும்

1100க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'டோல்' என்றொரு சொல் இருந்தது. பொருள்: அறிவில்லாத, முட்டாள்தனமான. யோசிக்காமல் துணிந்து இறங்குகிறவனையும் அது குறித்தது. அந்தச் சொல்லிலிருந்தோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த வட ஜெர்மானியச் சொல்லிலிருந்தோ வந்ததுதான் இன்றைய டல். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கில எழுத்துக்களில் அது தலைகாட்டும்போது, 'புத்தி மட்டான' என்பதே அதன் பொருள். கத்தியும் நிறமும் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

இதே குடும்பத்தின் ஜெர்மன் கிளை வேறு பக்கம் போய்விட்டது. ஜெர்மனில் 'டோல்' என்றால் பைத்தியம் பிடித்த, வெறிகொண்ட என்று பொருள். வெறிநாய்க்கடி நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரான 'டோல்வூட்'டில் இன்றும் அது இருக்கிறது. அதே சொல்லைத்தான் இன்றைய ஜெர்மன்காரர்கள் 'சூப்பர்', 'பிரமாதம்' என்பதற்கும் சொல்கிறார்கள். நாம்கூட "வெறித்தனம்!" என்று படத்தைப் பாராட்டுகிறோமே, அது மாதிரி. அறிவு தடம் புரண்ட நிலை என்ற ஒரே வேர்ப்பொருள். ஜெர்மனியில் அது வேகம் பிடித்து உச்சத்துக்குப் போனது, இங்கிலாந்தில் வேகம் குறைந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பெர்லின்காரர் "டோல்!" என்று வியக்கும்போது, அது நம் டல்லின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

மனிதரிடமிருந்து சொல் பொருள்களுக்கு இறங்கியது. கத்தி முனைக்கு வந்தது. 15ஆம் நூற்றாண்டில் நிறத்துக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'சுவாரஸ்யம் இல்லாத' என்ற பொருளை எடுத்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் வலிக்கு வந்தது. டாக்டரிடம் போனால் இன்றும் கேட்பார்: குத்துற மாதிரி வலியா, இல்ல டல்லா வலிக்குதா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டோல்ட்ரம்ஸ்' என்றொரு சொல் கிளம்பியது. பெரும்பாலும் டல்லின் வழித்தோன்றல். முதலில் மனச்சோர்வைச் சொன்னது. பிறகு பூமத்திய ரேகைக்கு அருகே காற்றே இல்லாமல் பாய்மரக் கப்பல்கள் வாரக்கணக்கில் நகராமல் கிடக்கும் கடற்பகுதிக்குப் பெயராகிவிட்டது. மனத்தின் நிலை ஒன்று வரைபடத்தில் இடம் பிடித்த கதை அது.

கத்தியும் மூளையும் சேர்ந்து வாழ்வது ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' என்றால் கூர்மை, 'மோரோஸ்' என்றால் மந்தம், மூடம். இரண்டையும் ஒட்டினால் 'ஆக்ஸிமோரான்': கூர்மந்தம்! முரண்களை அருகருகே வைக்கும் அணிக்கு அந்த முரணையே பெயராக வைத்திருக்கிறார்கள். இந்த 'மோரோஸ்' கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கட்டும். பின்னால் வருவார்.

பீப்பாயைத் தட்டிய மகன்

டல் என்ற சொல் மிக நல்ல வேலை செய்த இடம் எது என்று கேட்டால், நான் மருத்துவத்தைச் சொல்வேன்.

லியோபோல்டு ஆவன்புருக்கர் 1722இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர். மதுப் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டியதில்லை, வெளியே தட்டினால் போதும். காலியான பகுதி கணீரென்று ஒலிக்கும், திரவம் நிற்கிற இடத்தில் சத்தம் அமுங்கிப் போகும். நம் வீடுகளில் கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் சத்திரத்தில் பார்த்ததுதான் மகனுக்கு வழிகாட்டியது என்பார்கள்.

வியன்னாவில் ஸ்பானிஷ் மருத்துவமனையில் டாக்டராக இருந்த ஆவன்புருக்கர், நோயாளிகளின் மார்பை விரல்நுனியால் தட்டிப் பார்த்தார். நல்ல மார்பு, துணி போர்த்திய மத்தளம் மாதிரி ஒலித்தது. நோயுள்ள மார்பில் சில இடங்களில் ஓசை அமுங்கியது. ஊகத்தோடு விட்டுவிடவில்லை. இறந்தவர்களின் மார்புக்கூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி, அது எந்த உயரம் வரை நிற்கிறதோ அந்த உயரம் வரை ஓசை மந்தமாவதைச் சோதித்து உறுதி செய்தார். 1761இல் லத்தீனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பல ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. ஆங்கிலத்துக்கு ஜான் ஃபோர்ப்ஸ் 1824இல் கொண்டுவந்தார்.

இன்று நம் ஊர் மருத்துவக் கல்லூரி மாணவரும் இடது நடுவிரலை மார்பில் வைத்து வலது நடுவிரலால் தட்டி, "இங்க டல் நோட் சார்" என்று பேராசிரியரிடம் சொல்கிறார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அது கல்லைத் தட்டிய மாதிரி இருக்கும். அதற்கு 'ஸ்டோனி டல்' என்றே பெயர்.

இங்கே டல் என்பது தீர்ப்பு கிடையாது, தகவல். மார்பு டல்லாக ஒலித்தால் 'இது உதவாத மார்பு' என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது, என்னவென்று பார் என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லோடு மருத்துவம் முடிவதில்லை, தொடங்குகிறது.

அகராதிக்காரரும் ஒரு தேவதையும்

சுவாரஸ்யமின்மைக்கு ஆங்கிலத்தில் இன்று 'போரிங்' இருக்கிறது. "செம போர்" என்று நாமும் சொல்கிறோம். ஆனால் அந்த 'போர்' 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை அந்தச் சுமையையும் டல்தான் சுமந்தது. சாமுவேல் ஜான்சன் பல வருடம் தனியாளாக உழைத்து 1755இல் தன் அகராதியை வெளியிட்டார். அதில் டல்லுக்குப் பல பொருள்கள் கொடுத்திருக்கிறார். மகிழ்ச்சி தராதது என்ற பொருளுக்கு வந்தபோது, அவர் கொடுத்த எடுத்துக்காட்டு வாக்கியம் அகராதி தயாரிப்பதே அப்படிப்பட்ட வேலை என்பதுதான். பெரிய அரசாங்க நூல் போல இருக்கும் பக்கத்தின் நடுவில் ஒரு மனிதன் பெருமூச்சு விடுகிறான். அகராதிகளோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறுதல்.

விளையாட்டே இல்லாமல் வேலை மட்டும் செய்தால் ஜாக் டல் பையனாகிவிடுவான் என்ற பழமொழி நமக்கும் தெரியும். ஜேம்ஸ் ஹவெல் என்பவர் 1659இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே அது இருக்கிறது. அதில் வரும் டல் எது? மூளை மழுங்கியவனா, பேசினால் தூக்கம் வருகிறவனா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. கவனியுங்கள், ஜாக் பிறவியிலேயே டல் என்று பழமொழி சொல்லவில்லை. அவனை நடத்துகிற விதம் அவனை அப்படி ஆக்குகிறது என்கிறது. 17ஆம் நூற்றாண்டு மக்களுக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம், 20ஆம் நூற்றாண்டு நிபுணர்களுக்கு மறந்துபோனது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அலெக்ஸாண்டர் போப். 1728இல் அவர் வெளியிட்ட 'டன்சியட்' என்ற அங்கதக் காவியத்தில் டல்னஸ் ஒரு தேவதை. இருளுக்கும் ஆதிக் குழப்பத்துக்கும் பிறந்தவள். லண்டனின் மூன்றாந்தர எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அவளுடைய பக்தர்கள். போப்பின் டல்னஸ் சோம்பிக் கிடப்பதில்லை. ஓயாமல் எழுதும், அச்சிடும், விற்கும். உழைப்பும் துணிச்சலும் உண்டு, பார்வைதான் குறுகல். சிந்திக்காமல் சுறுசுறுப்பாக இருப்பதும் மந்தம்தான் என்பது போப் கண்டது. தினமும் பத்துப் பதிவு போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேவதை ஞாபகம் வருகிறாள்.

காவியத்தின் தலைப்பில் இருக்கும் 'டன்ஸ்' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. 1308இல் இறந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் இடைக்கால ஐரோப்பாவின் மிக நுட்பமான தத்துவவாதிகளில் ஒருவர். அவருக்கு 'நுண்மாண் நுழைபுல அறிஞர்' என்கிற மாதிரி பட்டமே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் புதிய கல்வியைக் கொண்டுவந்தவர்கள், அதை எதிர்த்த அவருடைய வழிவந்தவர்களை 'டன்ஸ் ஆட்கள்' என்று கேலி செய்தார்கள். கடைசியில் 'டன்ஸ்' என்றாலே மக்கு மாணவன் என்றாகிவிட்டது. கூர்மைக்குப் பேர்போனவரின் பெயர் மந்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வைத்தவர்கள் விவாதத்தில் வென்றவர்கள். இந்த மாதிரிப் பட்டங்களை யார் யாருக்கு வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணாக மாறிய வசவு

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சைமனும் ஒரு சோதனையைத் தயாரித்தார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பது நோக்கம். அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத நிலையான அளவு என்று சொல்பவர்களை பினே கடுமையாக மறுத்தார். பயிற்சியால் கவனத்தையும் நினைவையும் வளர்க்கலாம் என்று நம்பினார். 1911இல் இறந்துபோனார்.

சோதனை அட்லாண்டிக்கைக் கடந்தபோது நோக்கமும் மாறியது. ஹென்றி கோடார்டு என்ற அமெரிக்க உளவியலாளர் 1910இல் 'மோரான்' என்ற சொல்லை உருவாக்கினார். நாம் பார்த்த அந்த 'மோரோஸ்'தான். அப்போது அது வசவு இல்லை, சோதனை மதிப்பெண்ணை வைத்து ஒதுக்கப்பட்ட ஒரு தொழில்நுட்ப வகை.

1916இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், பினே சோதனையைத் திருத்தி, நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., என்ற எண்ணோடு வெளியிட்டார். அதில் ஒரு பட்டியல். 90 முதல் 110 வரை இயல்பு. 70 முதல் 80 வரை எல்லைக்கோடு. இடையில் 80 முதல் 90 வரை? 'டல்னஸ்'. ஆயிரம் வருடம் தெருவிலும் கவிதையிலும் திரிந்த சொல், முதன்முறையாக மேல் எல்லையும் கீழ் எல்லையும் போட்ட ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்தது.

டெர்மன் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் மெக்சிகோ, செவ்விந்தியக் குடும்பங்களிலும் கறுப்பின மக்களிடமும் இந்த மந்தம் அடிக்கடி தென்படுகிறது, அது இனத்திலோ குடும்ப வழியிலோ ஊறியதாகத் தெரிகிறது, அந்தக் குழந்தைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்று அதே நூலில் எழுதினார். ஆங்கிலத்தையே வீட்டில் பேசாத குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுச் சொன்ன முடிவுகளும் அந்தக் காலத்தில் அறிவியல் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டன. டெர்மன் இனமேம்பாட்டு இயக்கத்தின் ஆதரவாளர். அந்த இயக்கம் 'தகுதியற்றவர்கள்' என்று கருதியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பெயரடைக்கு எண் கிடைத்தால் அது எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்.

பின்னால் வந்த டேவிட் வெக்ஸ்லரின் புகழ்பெற்ற சோதனையிலும் 80 முதல் 89 வரை 'டல் நார்மல்' என்ற பெயரில் அந்தப் பெட்டி தொடர்ந்தது. 1981இல் வந்த திருத்தப் பதிப்பில்தான் அதை எடுத்துவிட்டு, 'சராசரிக்குச் சற்றுக் கீழே' என்பது போன்ற பெயரை வைத்தார்கள்.

நம் வகுப்பறை

உளவியல் கைவிட்ட பிறகும் அந்தச் சொல்லைக் கைவிடாத இடம் ஒன்று உண்டென்றால் அது நம் ஆசிரியர் ஓய்வறை. "ஸ்லோ லேர்னர்" என்று இப்போது பதிவேட்டில் எழுதுகிறார்கள். பேச்சில் இன்னும் "டல் ஸ்டூடன்ட்". நான் படித்த பள்ளியில் அரைப்பரீட்சை மார்க்கை வைத்து செக்‌ஷன் பிரித்தார்கள். கடைசி செக்‌ஷனுக்கு எழுத்து 'டி'. அந்த எழுத்துக்கு விளக்கம் யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அங்கே போனவர்களில் ஒருவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாது. அவனுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்ற இரண்டு வருடம் ஆயிற்று. டல் என்ற விடை கையில் இருந்ததால், வேறு காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

இத்தனை அகராதிகளைப் புரட்டிய பிறகு எனக்கு மிச்சமாகத் தோன்றுவது இதுதான். ஆவன்புருக்கரின் டல்லும் டெர்மனின் டல்லும் ஒரே எழுத்துக்கள், வேறு வேறு சொற்கள். ஒன்று, உள்ளே போய்ப் பார் என்கிறது. இன்னொன்று, பார்க்க ஒன்றும் இல்லை, கதவைச் சாத்து என்கிறது.

இந்த வித்தியாசத்தைப் பேச்சுத் தமிழ் யாரும் சொல்லித்தராமலே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிறு வால் நம்மிடம் உண்டு: '-ஆ இருக்கு'. "ஏன் ரெண்டு நாளா டல்லா இருக்கே?" என்று ஒரு அம்மா கேட்டால், அது நேற்று இல்லாதது, நாளை போய்விடக்கூடியது, அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு 'ஆ'வுக்குள் அடங்கிவிடுகிறது. கேட்ட கையோடு நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலும் பார்ப்பாள். "டல் பையன்" என்று சொல்லும்போது அந்த வால் அறுந்துவிடுகிறது. காரணம், காலம், கேள்வி எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஆகவே என் சிபாரிசு எளிது. சொல்லை ஒழிக்க வேண்டாம், அது போகவும் போகாது. புடவைக்கும் பல்புக்கும் வியாபாரத்துக்கும் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் மட்டும் "டல்லா இருக்கான்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த அம்மா மாதிரி, ஏன் என்றும் கேளுங்கள்.